கைக்குட்டைக்கு ஒற்றைத் தொழில் இருந்ததில்லை

பழைய கைக்குட்டைகளுக்குப் புதிய மதிப்பு பிறந்திருக்கிறது. பாட்டிமாரின் பெட்டிகளில் அடிமடிப்பாகக் கிடந்த பூத்தையல் கைக்குட்டைகள் குஷன் உறைகளாகவும் விளக்குக் கூடுகளாகவும் குழந்தைச் சட்டைகளின் கழுத்துப்பட்டிகளாகவும் உருமாறிச் சமூக ஊடகப் பக்கங்களில் வலம் வருகின்றன. பெருநகரக் கடைகளிலோ ‘வின்டேஜ்’ என்ற முத்திரையோடு நல்ல விலைக்கும் போகின்றன. தூக்கி எறியும் பழக்கத்துக்கு எதிரான செயல் என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இந்த ஆர்வத்தின் அடியில் இரண்டு பிழையான எண்ணங்கள் உறைந்துள்ளன. கைக்குட்டைக்கு முகம் துடைப்பதைத் தவிர வேறு வேலை கண்டுபிடிப்பது இக்காலத்தின் புதுமை என்பது ஒன்று. பழைய துணி என்பது கத்தரிக்கோலுக்காகக் காத்திருக்கும் மூலப்பொருள் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் அறியாமை. அதனால் பெரிய தீங்கில்லை. இரண்டாவது எண்ணத்தால் நேரும் இழப்பை மீட்க இயலாது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். இந்திய மொழிகள் பலவற்றில் வழங்கும் ‘ருமால்’ என்பது பாரசீகச் சொல். ‘ரூ’ என்றால் முகம். ‘மால்’ என்றால் துடைப்பது. பொருள் இவ்வளவு தெளிவாக இருந்தும் அச்சொல் சென்ற இடங்களில் எல்லாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றுவிடவில்லை. கன்னடத்தில் ‘ருமாலு’ தலைப்பாகை ஆயிற்று. கொங்கு நாட்டில் ‘உருமால்’ மணமகன் தலையில் ஏறி, ‘உருமால் கட்டு’ என்று ஒரு திருமணச் சீருக்கே பெயரானது. மராத்தியில் முகந்துடைப்பான் பலவகைச் சதுரத் துணிகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டதால், கையில் வைத்திருப்பதைத் தனித்துக் காட்ட ‘ஹாத் ருமால்’ என்று மீண்டும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘கர்சீஃப்’ என்பதன் மூலம் ‘தலையை மூடுவது’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். ‘ஹேண்ட்கர்சீஃப்’ என்றால் நேர்ப்பொருளில் ‘கைத் தலைமூடி’! போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று தமிழில் ‘துவாலை’யாகி உடல் துவட்டுகிறது, மலையாளத்தில் ‘தூவால’ ஆகிக் கைக்குட்டையைக் குறிக்கிறது. பேருந்து சன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு இருக்கை பிடிக்கும் வழக்கத்திலிருந்து, எதையும் முன்கூட்டியே தனதாக்கிக்கொள்வதைக் ‘கர்சீஃப் போடுவது’ என்னும் மரபுத்தொடர் தெலுங்குப் பேச்சில் கிளைத்துள்ளது. ஒரு பொருளின் பெயர் தலைக்கும் கைக்கும் முகத்துக்கும் இடையே இப்படி ஓயாமல் இடம்பெயர்வது மொழியின் விளையாட்டு மட்டுமன்று. பொருளே அவ்வாறு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது என்பதற்கான சான்று அது.

பொருள்களின் வரலாறும் இதையே உறுதிசெய்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் சம்பாப் பகுதியில் உருவான ‘சம்பா ருமால்’ எதையும் துடைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. மெல்லிய வெண்பருத்தித் துணியில், பஹாடி ஓவிய மரபில் பயின்ற ஓவியர் கரியால் கோடு வரைந்து கொடுப்பார்; முறுக்கேறாத பட்டு நூலால் பெண்கள் அதை நிரப்புவார்கள். ‘தோ ருக்கா’ எனப்படும் அத்தையலில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே தோன்றும். முடிச்சு எங்கும் தெரியாது. கண்ணனின் ராசலீலையும் ருக்மிணி திருமணமும் வேட்டைக் காட்சிகளும் இச்சதுரங்களில் இடம்பெற்றன. திருமணத்தில் இரு வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் சீர்த்தட்டுகளையும் தெய்வத்துக்குப் படைக்கும் பொருள்களையும் மூடுவதே இவற்றின் பணி. அரண்மனைப் பெண்கள் செய்தவையும் உண்டு. சிற்றூர்ப் பெண்கள் தாமே கோடு வரைந்து, தாம் விரும்பிய வண்ணத்தில் தைத்தவையும் உண்டு. நலிந்துகொண்டிருந்த இக்கலையை மீட்க 1990களில் டெல்லி கைவினைக் கழகம் முயன்றது. பெண்கள் பலருக்கு இத்தையலைக் கற்பித்த லலிதா வகீலுக்கு 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சீக்கியர்களின் குருத்வாராக்களில் குரு கிரந்த் சாஹிபைப் போர்த்தும் துணிக்கு ‘ருமாலா’ என்று பெயர். உள்ளே நுழையும் ஆடவர், தலையில் வேறு துணி இல்லையெனில், சட்டைப்பையில் இருக்கும் கைக்குட்டையையே தலையில் கட்டிக்கொள்கின்றனர். ‘தலைமூடி’ என்ற பழைய ஐரோப்பியப் பொருள் அங்கே தற்செயலாக மீண்டும் உயிர்பெறுகிறது. புணேயில் உள்ள பேஷ்வா ஆவணக் காப்பகத்திலோ சதுரத் துணியில் மூட்டையாகக் கட்டிய மோடி எழுத்து ஆவணங்களின் கட்டுக்கே ‘ருமால்’ என்று பெயர். மராத்திய ஆட்சியின் கணக்குகளும் கடிதங்களும் இந்த ‘ருமால்’ கணக்கில்தான் எண்ணப்படுகின்றன. துடைப்பதற்கு என்று பெயர் பெற்ற துணி, ஓர் அரசின் நினைவைப் பொதிந்து காக்கும் அலகாக மாறியிருப்பதைவிடப் பெரிய மறுபயன்பாட்டை எந்தக் கைவினைப் பக்கத்திலும் காண முடியாது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. வங்காளத்துக் ‘காந்தா’ நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய சேலைக் கரைகளிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓடுதையல் போட்டு உருவாவது. போர்வை, பெட்டி விரிப்பு, கண்ணாடி உறை, பணப்பை எனப் பல வகைகள் அதில் உள்ளன. அவற்றுள் சிறிய சதுரமான ‘ருமால் காந்தா’வும் ஒன்று. அதாவது கைக்குட்டையிலிருந்து வேறொன்று பிறக்கவில்லை; கிழிந்த சேலையிலிருந்து கைக்குட்டை பிறந்தது. வடமொழியில் ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும் ‘கந்தா’ என்ற சொல்லோடு இப்பெயர் தொடர்புடையது. தமிழில் அதே சொல் ‘கந்தை’யாகி இழிவுப்பொருள் ஏந்தியது, வங்கத்தில் ‘காந்தா’வாகி, குருசதய் தத்தின் சேகரிப்பு வழியாகக் கொல்கத்தாவுக்கு அருகில் ஜோக்காவில் உள்ள அருங்காட்சியகத்தை அடைந்தது. ஒரு சொல்லுக்கு நேர்ந்த இந்த இருவேறு விதிகள், துணியின் மதிப்பை நூலோ பழமையோ தீர்மானிப்பதில்லை, அதைத் தொடும் கைகளே தீர்மானிக்கின்றன என்பதைச் சொல்கின்றன.

இந்திய வீடுகளில் துணிக்கு ஓர் ஆயுள் வரிசை இருந்தது. சேலை தூளியாகும், தூளி போர்வைக்குள் அடுக்காகும், போர்வை கால்மிதியாகும், எஞ்சிய நூல் விளக்குத் திரியாகும். பிகாரின் சுஜனியும் மகாராட்டிரத்தின் கோதடியும் இவ்வரிசையின் இடைநிலைகளே. இதில் எழுதப்படாத நெறி ஒன்று செயற்பட்டது: முழுத்துணியை எவரும் வெட்டுவதில்லை. தேய்ந்த பிறகே கிழிப்பார்கள். கிழிந்த பிறகே அடுக்குவார்கள். வறுமையே இதைக் கற்றுக்கொடுத்தது என்பதை மறைத்துப் பொற்காலம் பாட வேண்டியதில்லை. ஆனால் வறுமை கற்பித்தது என்பதாலேயே ஒரு நெறி தவறானதாகிவிடாது. இன்றைய மறுபயன்பாட்டு ஆர்வம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. மிக நல்ல நிலையில் இருக்கும், மிக நுட்பமான தையல் உள்ள கைக்குட்டையையே முதலில் தேடி வெட்டுகிறது. அழகான மூலைதான் அதற்குத் தேவை. மற்ற மூன்று மூலைகளும் குப்பைக்கூடைக்குச் செல்கின்றன.

அந்த மூலையில் என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய வீட்டுக் கைக்குட்டைகளில் பெரும்பாலும் ஒரு பூ, ஒரு பறவை, அல்லது ஒரு பெயரின் முதலெழுத்து இருக்கும். ஓரத்தில் குரோஷே ஊசியால் பின்னிய சரிகை போன்ற விளிம்பு இருக்கும். பெண்கள் பள்ளிகளிலும் மிஷன் நிறுவனங்களிலும் தையல் கற்ற தலைமுறைகளின் கையெழுத்து அது. அவர்களுள் பலர் நாட்குறிப்பு எழுதியதில்லை. நிழற்படத்தில்கூட ஓரிருமுறையே தோன்றியவர்கள். ஆந்திரத்தின் நரசாபுரத்தில் ஏற்றுமதிக்காகச் சரிகைப் பின்னல் செய்த பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. நாளின் பெரும்பகுதியைப் பின்னலில் செலவிட்ட அப்பெண்கள் ‘இல்லத்தரசிகள்’ என்றும், அவர்களது உழைப்பு ஓய்வுநேர வேலை என்றும் கணக்கிடப்பட்டதால் கூலி எவ்வளவு தாழ்ந்தது என்பதை அந்நூல் விளக்கியது. உழைப்பைப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டுக் குறைத்த அதே பார்வை, இன்று அவ்வுழைப்பின் விளைவை ‘பழைய அழகுத்துணி’ என்று பெயரிட்டு வெட்டுகிறது. முதல் பெயர் கூலியைக் குறைத்தது. இரண்டாவது பெயர் சான்றையே அழிக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் பெட்டியிலேயே பூட்டிவைத்துவிடலாமா? அதுவும் காத்தலாகாது. மடித்த மல்மல் துணி மடிப்பின் வழியே இற்றுப்போகும். குத்திவைத்த ஊசி துருவேறிக் கறையாகும். ஈரம் பூஞ்சையையும் இருட்டு பூச்சியையும் அழைத்துவரும். பெட்டியில் வைத்தவர் மறைந்தபின், அது யாருடைய கைவேலை என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். பயன்படாத பொருள் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாத பொருளைப் பற்றி எவரும் கேள்வி கேட்பதுமில்லை. ஆகவே பெட்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே ஒரு வழி தேவைப்படுகிறது.

வெட்டுவதே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. இதற்கு மறுப்பாக நிற்கும் சிறந்த எடுத்துக்காட்டு ஓர் இந்தியக் ‘கைக்குட்டை’யிலேயே இருக்கிறது. சென்னைப் பகுதியிலும் ஆந்திரக் கரையோரத்திலும் நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்று வணிகப்பெயர். ஒரு கெசம் அளவுள்ள சதுரங்கள் எட்டுச் சேர்ந்து ஒரு பாவாக அனுப்பப்பட்ட அத்துணியை வாங்கியவர்கள் கைக்குட்டையாகப் பயன்படுத்தவில்லை, இடையில் உடுத்தினார்கள். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதற்கு ‘இஞ்சிரி’ என்று தங்கள் பெயரையே சூட்டினார்கள். அவர்களுள் பெண்கள் அத்துணியில் குறிப்பிட்ட நிற இழைகளைச் சிறு கத்தியால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்து, நெசவாளர் கனவிலும் காணாத புதிய கோலங்களை அத்துணிக்குள்ளேயே உருவாக்கினார்கள். ‘பெலெடே பிடே’ எனப்படும் அத்துணி, வாங்கிய துணியைவிட மதிப்பு மிக்கது. ஈமச்சடங்குகளிலும் குடும்பச் சிறப்புகளிலும் இடம்பெறுவது. ஜோன் ஐக்கர், டோன்யே எரெகொசிமா ஆகிய ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். இங்கே இழை அறுபடுகிறது. ஆயினும் துணி அழியவில்லை. நெய்தவரின் கணக்கை முழுமையாகப் படித்தறிந்த கையே அந்த இழையை அறுக்கிறது. ஒரு திறமைக்கு மற்றொரு திறமை மறுமொழி சொல்கிறது.

எனவே வெட்டுகிறோமா இல்லையா என்பதைவிட, முதல் கையின் வேலைக்கு இரண்டாவது கை என்ன தருகிறது என்பதே சரியான கேள்வி. முன்னதைவிட அதிகமாகவோ, குறைந்தது அதற்கு நிகராகவோ தந்தால் அது படைப்பு. முன்னவர் மூன்று வாரம் அமர்ந்து செய்ததை எடுத்து ஐந்து நிமிடத்தில் பசை தடவி ஒட்டினால், அதை எப்பெயரால் அழைத்தாலும் அது படைப்பாகாது.

இதை நடைமுறைப்படுத்துவது கடினமன்று. முதலில் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கைத்தையலின் பின்புறத்தில் நூல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிய தடமும் முடிச்சுகளும் சீரற்றுத் தெரியும். இயந்திரத் தையலின் பின்புறத்தில் பெரும்பாலும் வேறொரு வெண்ணூல் ஒரே சீராக ஓடும். இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அச்சானவற்றையும் ஏற்கெனவே கிழிந்தவற்றையும் தயக்கமின்றி வெட்டலாம். கைத்தையலும் முழுமையும் உள்ளதை வெட்டாமல் விட வேண்டும். துவைப்பதற்கு முன்பு நனைத்த வெண்பஞ்சை வண்ணநூலின்மேல் சிறிது நேரம் அழுத்திப் பார்ப்பது நல்லது. சாயம் ஒட்டினால் தண்ணீரே படக்கூடாது. ஒட்டாவிட்டால் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பிட்டு, முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்து உலர்த்தலாம். இஸ்திரி போடுவதானால் தடித்த துவாலையின்மேல் தையலைக் கவிழ்த்துவைத்துப் பின்புறத்தில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பூக்கள் நசுங்காமல் எழும்பி நிற்கும்.

வெட்டாமலே செய்யக்கூடியவை ஏராளம். மூன்று மூலைகளை நடுவுக்கு மடித்து விளிம்பில் மட்டும் சில தையல் போட்டால், நகைக்கோ கடிதங்களுக்கோ ஏற்ற உறை கிடைக்கும். தையலைப் பிரித்தால் கைக்குட்டை பழையபடி கிடைத்துவிடும். நான்கு மூலைகளிலும் மணி கோத்தால் பால் குவளைக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் மூடியாகும். சம்பாப் பெண்கள் செய்ததுபோலச் சீர்த்தட்டைப் போர்த்தலாம். பரிசுப்பொருளைக் காகிதத்துக்கு மாற்றாக அதிலேயே முடிந்து கொடுக்கலாம். ஒன்பது கைக்குட்டைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தளர்வாகத் தைத்தால் மேசை விரிப்பு ஆகும். வெண்ணிறப் பின்னல் மட்டும் உள்ளவை சன்னல் திரைக்கு ஏற்றவை. வெயிலில் வண்ணநூல் வெளிறிவிடுமாதலால் வண்ணத் தையல் உள்ளவற்றை அங்கே தொங்கவிடக்கூடாது. சட்டமிட விரும்புவோர், பசையைத் தொடாமல், வெண்பருத்தித் துணியின்மேல் நுண்ணிய ஊசியால் இடைவிட்டுத் தைத்துப் பொருத்த வேண்டும். பூவின் வடிவம்தான் வேண்டுமெனில் அதைத் தாளில் படியெடுத்துப் புதுத்துணியில் தைக்கலாம். தெலுங்கு நாட்டின் தேலியா ருமாலுக்கு நேர்ந்தது இதுவே. எண்ணெயும் ஆமணக்குச் சாம்பலும் ஊட்டிய நூலில் நெய்த அந்தச் சதுரத் தலைத்துணியின் கோலங்கள் பின்னர் சேலைகளிலும் துப்பட்டாக்களிலும் நெய்யப்பட்டன. அதற்காக எவரும் பழைய ருமாலை வெட்டவில்லை. வடிவம் மட்டும் இடம்பெயர்ந்தது. நெசவாளருக்குப் புதிய வேலையும் கிடைத்தது.

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும். தன் வீட்டுத் துணியை வெட்டுவது உரியவரின் உரிமை, அதில் பிறர் தலையிட என்ன இருக்கிறது என்பது ஒன்று. உரிமை உண்டுதான். ஆனால் பாட்டியின் நிலப்பத்திரத்தை அழகான முத்திரைக்காக யாரும் வெட்டி ஒட்டுவதில்லை. நிலம் ஆண்வழியில் எழுத்தில் வந்தது. தையல் பெண்வழியில் துணியில் வந்தது. ஒன்றை ஆவணமென்றும் மற்றொன்றை அலங்காரமென்றும் பிரிப்பது பழக்கமே அன்றி நியாயமன்று. இந்த மறுபயன்பாட்டுத் தொழிலால் சிறு பெண் முனைவோர் பலர் வாழ்கிறார்கள் என்பது மற்றொரு மறுப்பு. இது கனமானது. அவர்களைப் பழிப்பது நோக்கமன்று. அவர்களுக்குத் தேவையான துணி இயந்திரக் கைக்குட்டைகளிலும் கிழிந்தவற்றிலும் தாராளமாகக் கிடைக்கிறது. கிழியாத கைத்தையலை வெட்டாமல் முழுமையாகக் காட்டும் பொருளே, வாங்குவோர் கண்ணில் கூடுதல் விலைக்கும் தகுதி உடையது. வெட்டியதை மலிவாக விற்பதைவிட, வெட்டாததன் கதையைச் சொல்லி விற்பது அவர்களுக்கே ஆதாயம்.

கைக்குட்டையை வீழ்த்திய காகிதத் துண்டின் வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1924இல் அமெரிக்காவில் அறிமுகமான க்ளீனெக்ஸ், முகப்பூச்சைத் துடைத்தெடுக்கவே விற்கப்பட்டது. மக்கள் அதைக் கொண்டு மூக்குத் துடைக்கத் தொடங்கிய பிறகே நிறுவனம் விளம்பரத்தை மாற்றிக்கொண்டது. பொருளின் பயனைச் செய்தவர் தீர்மானிப்பதில்லை, பயன்படுத்துவோரே தீர்மானிக்கிறார்கள் என்ற உண்மை அங்கும் வென்றது. வேறுபாடு ஒன்றே: அந்தக் காகிதத்தில் எவருடைய கையும் இல்லை. எனவே அதை எறியும்போது எதுவும் இழக்கப்படுவதில்லை, மரத்தைத் தவிர.

கைக்குட்டையில் கை இருக்கிறது. ஆகவே அதற்கு எந்தப் புதிய வேலை கொடுத்தாலும் ஒன்றை மட்டும் கட்டாயமாகச் செய்ய வேண்டும். உட்புறத்தில் ஒரு சிறு வெண்ணாடாவைத் தைத்து, அதில் செய்தவர் பெயரையும் ஊரையும் ஏறத்தாழ ஆண்டையும் எழுதிவைக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்களிடம் இன்றே கேட்க வேண்டும். அவர்களுக்கும் நினைவில்லையெனில், யாருடைய பெட்டியில் கிடைத்தது என்பதையாவது குறிக்க வேண்டும். துணி கடைசியில் இற்றுத்தான் போகும். அதற்கு முன் அது உறையாகலாம், விரிப்பாகலாம், திரியாகவும் ஆகலாம். தைத்தவரின் பெயர் அதற்கு முன்பே அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது, அத்துணியை இப்போது வைத்திருப்பவரின் பொறுப்பு.